மாட்டியும் மாடியும்

முட்டி போனவர்கள் கை தூக்குங்கள் என்று சொன்னால் நம் வயதுக் கூட்டத்தில் பாதிப் பேர் தூக்குவார்கள். மீதிப் பேருக்குத் தோளும் போயிருக்கும், தூக்க முடியாது. அதனால் என் ஆபரேஷன் கதையைச் சொல்லி உங்களை அறுக்கப் போவதில்லை. உங்களுக்கு நடந்ததுதான் எனக்கும் நடந்தது. இடது முட்டியை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்திருக்கிறார்கள். கல்கத்தா ஜாதவ்பூரில் எங்கள் ஃபிளாட்டின் பால்கனியில் இடுப்பு உயரத்துக்கு ஒரு மேஜை போட்டு, அதன்மேல் எட்டுத் தொட்டிகளை வைத்து, வாக்கரை ஒரு கையால் பிடித்தபடி மறு கையால் மண்ணைக் கிளறிக்கொண்டிருக்கிறேன். மருமகள் இதைத் தெரபி என்கிறாள். எனக்குப் பொழுது போகிறது.

வாரத்தில் மூன்று நாள் ஒரு பெண் வந்து என் காலை மடக்கி, நீட்டி, நான் கத்துவதைக் காதில் வாங்காமல் வேலையை முடித்துக்கொண்டு போகிறாள். வங்காளிப் பெண். முதல் நாள் கிளம்பும்போது வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, "மாஷிமா, மாட்டிதே போஷ்பேன் நா கிந்து" என்றாள்.

மாஷிமா என்றால் பெரியம்மா, சித்தி மாதிரி. மாட்டி என்றால் மண். தரையையும் அவர்கள் மாட்டி என்றுதான் சொல்வார்கள். தரையில் உட்காராதீர்கள் என்கிறாள், வேறொன்றுமில்லை. முட்டி வைத்தியர்கள் எல்லோரும் சொல்வதுதான். ஆனால் அதே வாக்கியத்தைப் பதினோரு வயதில் ஒரு தடவை கேட்டிருக்கிறேன். அன்றைக்கு அதைத் தமிழில் சொல்ல வேண்டியவள் நான். என்ன சொன்னேன் என்பதை என் பிள்ளைகளிடம் இதுவரை சொன்னதில்லை. நீங்கள் என் வயதுக்காரர்கள், நீங்களும் சின்ன வயதில் யாருக்காவது எதையாவது செய்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பீர்கள். உங்களிடம் சொல்லலாம்.

அப்பாவுக்குத் துறைமுக ஆபீசில் வேலை. திருநெல்வேலியிலிருந்து நாங்கள் வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. பாலிகஞ்சில் ஒரு பழைய வீட்டின் மேல்தளத்தில் குடியிருந்தோம். கீழே வீட்டுக்கார மாஷிமா. எங்களுக்கு மேலே மொட்டைமாடி, அதற்கு உள்படிக்கட்டு. வீட்டில் அப்பா, அம்மா, நான், அப்பாவின் அக்காவான என் அத்தை. அத்தையின் புருஷன் அவளை விட்டுவிட்டுப் போய்ப் பல வருடம் ஆகியிருந்தது. போனவன் எங்கே என்று யாரும் தேடவில்லை, அத்தையும் தேடச் சொல்லவில்லை. தம்பி எந்த ஊருக்கு மாற்றலாகிறாரோ அந்த ஊருக்குப் பெட்டியோடு வருவாள். அம்மா அவளை மைனி என்று கூப்பிடுவாள். எங்கள் பக்கம் நாத்தனாரை அப்படித்தான் கூப்பிடுவோம். மரியாதையான சொல். மரியாதை அந்தச் சொல்லோடு நின்றுவிடும்.

அத்தைக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். விடிந்தால் சமையல், பாத்திரம், துணி. மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் அவள் மாடிக்குப் போய்விடுவாள். அது மட்டும்தான் அவளுடைய நேரம். உடைந்த வாளி, பால்பவுடர் டின், ஆபீசிலிருந்து அப்பா கொண்டுவந்த தேயிலைப் பெட்டி என்று எது கிடைத்தாலும் மண்ணை நிரப்பி எதையாவது ஊன்றிவிடுவாள். ஊரிலிருந்து சேலை முந்தியில் முடிந்து கொண்டுவந்த விதைகள். கனகாம்பரம், கொத்தவரை, சிறுகீரை, ஒரு பிச்சிக்கொடி. மூங்கில் நட்டுக் கயிறு இழுத்துப் புடலைப் பந்தல் போட்டிருந்தாள். புடலங்காய்கள் வளைந்துபோகாமல் இருக்க ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்டிருப்பாள். மழைக்கு முந்திய வெயிலில் அந்த மாடியில் ஈர மண்ணும் கறிவேப்பிலையும் கலந்து ஒரு வாசம் வரும். எனக்கு அந்த வாசமே பிடிக்காது.

ஏனென்றால் எனக்கு அந்த மாடி வேண்டும். கல்கத்தாவில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. செப்டம்பரில் விஸ்வகர்மா பூஜையன்று ஊரே மொட்டைமாடியில் நிற்கும். வானம் முழுக்கப் பட்டம். எவன் நூல் அறுந்தாலும் நாலு மாடியிலிருந்து "போ-காட்டா" என்று கூச்சல் கிளம்பும். நான் பெண் பிள்ளை என்பதால் போன இரண்டு வருடமும் அடுத்த வீட்டு மாடியில் பையன்களுக்குப் பின்னால் நின்று நூல் உருளையைப் பிடிக்கத்தான் விட்டார்கள். எங்கள் மாடி அந்தத் தெருவிலேயே பெரியது. அது காலியாக இருந்தால் எல்லோரும் இங்கே வருவார்கள், நான்தான் முதலில் பட்டம் விடுவேன். இதுதான் என் கணக்கு.

அந்த வருடம் ஜூன் மாதம் ஒரு சாயங்காலம் நான் பழகுவதற்காகப் பட்டம் விட்டேன். நூல் பந்தலில் சிக்கியது. இழுத்தேன், பிஞ்சு விட்டிருந்த கொடி அறுந்து கீழே விழுந்தது. அத்தை வந்து என் முதுகில் ஈரக் கையால் ஒன்று வைத்தாள். பிறகு என் நூல் உருளையை வாங்கி, உட்கார்ந்து, அவ்வளவு நூலையும் முழம் முழமாக வெட்டினாள். வெட்டிய நூலை வைத்து மிச்சக் கொடிகளைப் பந்தலில் கட்டினாள். அந்த நூலுக்காக நான் மூன்று மாதம் அம்மாவிடம் கெஞ்சியிருந்தேன். மறுநாளிலிருந்து மாடிக்குப் போனால் பந்தல் முழுக்க என் நூல்தான் தெரியும்.

பத்து நாள் கழித்து மழையில் பாசி பிடித்த மாடி வாசற்படியில் அத்தை வழுக்கி விழுந்தாள். முட்டிச்சில்லு இரண்டாக உடைந்துவிட்டது. அவளைத் தூக்கிக்கொண்டு போனபோது எனக்குத் துளி வருத்தமும் இல்லை என்று சொன்னால் அது முழு உண்மை. நன்றாக வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் சில்லைச் சேர்த்துக் கம்பியால் கட்டினார்கள். இருபது நாள் பொது வார்டில் கிடந்தாள். அப்பா ஆபீஸ் போகிற வழியில் தூக்குச்சட்டியில் சோறு கொடுத்துவிட்டுப் போவார். அம்மா மூன்று தடவை போனாள். நான் ஒரு தடவை போனேன். அந்த வார்டில் டெட்டால் வாசத்தையும் மீறி யாரோ ஒளித்து வைத்திருந்த மாம்பழ வாசம் வந்தது. அத்தைக்கு இரு பக்கமும் வங்காளி அம்மாக்கள், விடாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் நடுவில் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

ஜூலை கடைசியில் கட்டைப் பிரித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுநாள் பயிற்சி கொடுக்கிறவர் ஒருவர் வந்தார். ஒரே தடவைதான் வருவார், பிறகு நாம்தான் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வேட்டி கட்டிய, வெற்றிலைக் கறை பல்லுள்ள மனிதர். வங்காளம் தவிர வேறு பாஷை தெரியாது. அப்பா ஆபீசில். அம்மாவுக்குத் தெரிந்த வங்காளம் மீன்காரனை வாசலோடு திருப்பி அனுப்பும் அளவுக்குத்தான். அந்த வீட்டின் வங்காளம் நான். பால்காரன், கரண்ட்காரன், மாஷிமா எல்லோருக்கும் நடுவில் என்னைத்தான் நிறுத்துவார்கள். எனக்கு அதில் திமிர் உண்டு. பாதியைச் சொல்லுவேன், பாதியை விழுங்குவேன், யாருக்கும் தெரியாது.

அவர் அத்தையைக் கட்டிலில் உட்கார வைத்து முட்டியை மெல்ல மடக்கினார். அத்தை சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டாள். பத்து நிமிடம் ஆனதும் கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துப் பேசினார்.

"மாட்டிதே போஷ்பேன் நா. ஏக்தம் நா." தரையில் உட்காரவே கூடாது, முட்டியை முழுக்க மடக்கினால் கம்பி அறுந்துவிடும் என்றார். பிறகு, "சாதே ஜாபேன், ரோஜ்" என்றார். சாத் என்றால் அவர்களுக்கு மொட்டைமாடி. தினமும் மாடிக்குப் போக வேண்டும், கைப்பிடியைப் பிடித்துப் படி ஏறி இறங்குவது இந்தக் காலுக்கு நல்லது. அத்தைக்கு என்ன பிடிக்கும் என்று என்னிடம் கேட்டார். செடி என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. அப்படியானால் தொட்டிகளைத் தூக்கி ஒரு மேஜை மேல் வைத்துக் கொடு, நின்றுகொண்டு செடி வேலை செய்யட்டும், அதைவிடப் பயிற்சி கிடையாது என்றார்.

அம்மா கூர்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு 'நா' என்றால் வேண்டாம் என்று தெரியும். மற்றபடி காதில் விழுந்த இரண்டு சொல்லைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னட்டி, மாடிங்காரு, நாங்காரு? மாடிக்குப் போவக் கூடாதுங்காரா?" என்றாள். "சாதம் சாதம்ங்காரே, அது என்னது? சாதம் நெறையப் போடணுமாமா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அதை நன்றாக நினைவு வைத்திருக்கிறேன். தரை மாடியாகிவிட்டது, மாடி சோறாகிவிட்டது. இதை மாஷிமா வீட்டில் போய்ச் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள் என்று நினைத்தேன். வாயைத் திறந்து சரியாகச் சொல்லத்தான் போனேன். அப்போது அம்மாவுக்குப் பின்னால் மாடிப்படி தெரிந்தது.

"ஆமா," என்றேன். "மாடிக்குப் போவவே கூடாதாம். சாதம் நல்லாச் சாப்பிடணுமாம்."

"எத்தன நாளைக்குட்டி?" என்று அத்தை கேட்டாள்.

நான் பயிற்சிக்காரரிடம் திரும்பி, ஆஸ்பத்திரிக்கு எப்போது வர வேண்டும் என்று வங்காளத்தில் கேட்டேன். "தூய் மாஷ்" என்றார். விஸ்வகர்மா பூஜைக்கு ஏழு வாரம் இருந்தது. விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "ரெண்டு மாசம்" என்று அத்தைக்குச் சொன்னேன்.

அன்று சாயங்காலமே அம்மா மாடிக் கதவைப் பூட்டினாள். சாவியை என்னிடம் கொடுத்துச் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் வேலையையும் கொடுத்தாள். அத்தை என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு எந்தச் செடிக்கு எத்தனை செம்பு என்று சொன்னாள். டின்னில் ஆணியால் ஓட்டை போட்டுத் தானே செய்துவைத்திருந்த பூவாளியைக் கொடுத்தாள். "பிச்சிக்கு வேர்ல ஊத்து, எலையில ஊத்தாத" என்றாள். நான் தலையை ஆட்டினேன்.

ஒரு வாரத்தில் மாடியைக் காலி செய்தேன். பந்தலை இழுத்துப் போட்டேன். தொட்டி, டின், பெட்டி எல்லாவற்றையும் மாடிப்படி முடிகிற இடத்தில் இருந்த இருட்டறைக்குள் தள்ளி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினேன். மழை அங்கே வராது, வெயிலும் வராது. கனமான பெட்டிகளை அடுத்த வீட்டுக் காலேஜ் தாதா, அங்கே அண்ணனை அப்படித்தான் சொல்வோம், வந்து நகர்த்திக் கொடுத்தான். "உன் அத்தை ஒன்றும் சொல்ல மாட்டாரா?" என்று கேட்டான். அவர்தான் எடுத்துவிடச் சொன்னார் என்றேன். செடிகள் முதலில் வெளுத்தன, பிறகு குழைந்தன. ஒரு வாரத்துக்குப் பிறகு நான் அந்த அறைப் பக்கம் பார்க்கவே இல்லை.

தினமும் கீழே இறங்கியதும் அத்தை கேட்பாள். "கனகாம்பரம் எப்பிடி இருக்கு?" ரெண்டு கொத்து பூத்திருக்கு என்பேன். "பொடல பிஞ்சு விட்டுருக்கா?" நாலு என்பேன். ஒரு நாள் பூவைக் காட்டச் சொன்னாள். மாஷிமா பூஜைக்குக் கேட்டார்கள், கொடுத்துவிட்டேன் என்றேன். பொய் சொல்வதில் ஒரு வளம் வந்துவிட்டது. கொத்தவரையில் எறும்பு வந்தது, நான் சாம்பல் தூவினேன், எறும்பு போய்விட்டது என்றெல்லாம் சொன்னேன். அத்தை கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பாள். "சாம்பல் போட்டியா? நல்ல புள்ள" என்பாள்.

ஒரு தடவை புடலங்காய் கொண்டு வா என்று பிடிவாதமாக நின்றாள். அம்மா கரியாஹாட் சந்தையில் வாங்கி வந்திருந்த பையிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு போய் நீட்டினேன். வங்காளத்துப் புடலை குட்டையாக, கோடு போட்டு இருக்கும். எங்கள் ஊர்க் காய் கை நீளத்துக்கு மேல் வரும். அத்தை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கல்லுக் கட்ட மறந்துட்டியாட்டி? இப்பிடிக் குட்டையாப் போச்சே" என்றாள். அதை அரிந்து அவளே கூட்டு வைத்தாள். நான் இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டேன்.

அரிந்தது எங்கே உட்கார்ந்து என்பதுதான் விஷயம். மாடி ஏறினால்தான் ஆபத்து, மற்றபடி அத்தைக்கு ஒன்றுமில்லை என்று அம்மா நம்பினாள். என் சொல்லை நம்பினாள். "மைனி, ஏறத்தானே கூடாது, உக்காந்து செய்யலாம்லா?" என்று பத்தாம் நாளே அரிவாள்மணையை அத்தை முன்னால் வைத்தாள். அத்தை சுவரைப் பிடித்துச் சறுக்கித் தரையில் இறங்குவாள். கால் மடங்கும்போது ஒரு சத்தம் வரும், முட்டியிலிருந்தா தொண்டையிலிருந்தா என்று தெரியாது. பிறகு குழாயடியில் குத்துக்காலிட்டுப் பாத்திரம். வீட்டில் நாற்காலி இல்லாமல் இல்லை. முன்னறையில் நாலு பிரம்பு நாற்காலிகள் இருந்தன. ஆபீஸ்காரர்கள் வந்தால் உட்காருவதற்கு. அவற்றுக்குப் பூவேலை செய்த உறை தைத்துப் போட்டதே அத்தைதான். அவளுக்கென்று அந்த வீட்டில் செய்த ஒரே ஆசனம், கக்கூசுக்காக அப்பா ஆசாரியிடம் சொல்லிச் செய்த ஓட்டைப் பலகை.

ஆவணி பிறந்த சமயத்தில் அத்தை என்னிடம் கொஞ்சம் மண் கேட்டாள். கீழே வாசலுக்குப் பக்கத்தில் தோண்டிக் கொண்டுவந்து கொடுத்தேன். பின் வராந்தாவில் மூன்று பால்பவுடர் டின்னை வைத்து வெந்தயமும் கொத்தமல்லியும் போட்டாள். மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் அங்கே போய்த் தரையில் உட்கார்ந்துவிடுவாள். வலது காலை மடக்கி, உடைந்த காலையும் மடக்கி, டின்னுக்கு மேலே குனிந்து, முளையை விரலால் தடவிக்கொண்டே இருப்பாள். மாட்டியில் உட்கார்ந்து மாட்டியைத் தொட்டுக்கொண்டிருந்தாள். நான் வாசற்படியில் நின்று பார்த்தேன். அந்த வேட்டிக்காரர் என்ன சொன்னார் என்பது எனக்கு அப்போதும் சொல்லுக்குச் சொல் நினைவிருந்தது. முட்டி வீங்க ஆரம்பித்திருந்ததையும் பார்த்தேன். இன்னும் மூன்று வாரம், அதற்குப் பிறகு சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அப்படி ஒரு நினைப்பு இருந்ததாலேயே என்னை நல்லவள் என்றும் நினைத்துக்கொண்டேன்.

விஸ்வகர்மா பூஜை வந்தது. பன்னிரண்டு பேர் எங்கள் மாடியில். எனக்குத்தான் முதல் பட்டம். கறுப்பும் மஞ்சளும் பாதிப் பாதியாக ஒட்டிய பட்டம். காற்று தெற்கேயிருந்து நன்றாக வந்தது. இரண்டு பட்டத்தை அறுத்தேன். பையன்கள் என் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். இந்த வயதுவரை எனக்கு அவ்வளவு சந்தோஷமான முற்பகல் இன்னொன்று வாய்த்ததில்லை. வெட்கத்தை விட்டுத்தான் சொல்கிறேன்.

கீழே அத்தை காய் அரிந்துகொண்டிருந்திருக்கிறாள். தலைக்கு மேலே கால்கள் ஓடுகிற சத்தம் கேட்டிருக்கிறது. மாடியின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, எங்கேயும் நிற்காமல், எதையும் சுற்றிப் போகாமல் ஓடுகிற சத்தம். பன்னிரண்டு பேர் அப்படி ஓட வேண்டுமென்றால் அங்கே தொட்டி இருக்க முடியாது. அவள் எழுந்து கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறி வந்துவிட்டாள்.

படி முடிகிற இடத்தில்தான் அந்த இருட்டறை. அவள் முதலில் பார்த்தது அதைத்தான். பையன்கள் ஒவ்வொருவராக வாயை மூடிக்கொண்டதும்தான் நான் திரும்பினேன். அத்தை உள்ளே கையை விட்டு ஒரு டின்னை எடுத்தாள். கனகாம்பரம் குச்சியாக நின்றது. தொட்டதும் மண்கட்டியோடு கையில் வந்தது. அதை மறுபடியும் டின்னுக்குள் நேராக நட்டு வைத்தாள், செத்ததை எதற்கு நடுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. பிறகு என்னைப் பார்த்தாள். என் நூல் அப்போது விறைப்பாக இருந்தது, தெற்கிலிருந்து ஒரு சிவப்புப் பட்டம் என் பட்டத்தை நோக்கி வந்துகொண்டிருந்தது. நான் பட்டத்தைப் பார்த்தேன்.

மறுநாள் காலையில் அவளால் எழுந்திருக்க முடியவில்லை. முட்டி பானையாக வீங்கியிருந்தது. கம்பி அறுந்து தோலுக்கடியில் முள்ளாகத் தட்டுப்பட்டது. "படிச்சுப் படிச்சுச் சொன்னோமே மைனி, மாடி ஏறாதீங்க ஏறாதீங்கன்னு. கேட்டாத்தான?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அப்பா டாக்ஸி கொண்டுவந்தார். பாஷைக்காக என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். அப்பா சீட்டு எழுதும் வரிசையில் நிற்கப் போனார். டாக்டரின் அறைக்குள் அத்தை, அம்மா, நான்.

டாக்டர் முட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "மாட்டிதே போஷ்தேன்?" என்று கேட்டார். தரையில் உட்கார்ந்தாரா?

அம்மாவுக்கு அந்தச் சொல் தெரியும் அல்லவா, உடனே ஒரு விரலைக் காட்டி, "ஏக் தின்! ஏக் தின்!" என்றாள். ஒரே ஒரு நாள்தான் மாடிக்குப் போனாள் என்கிறாள். ஒரு நாளில் இவ்வளவு ஆகாது என்று டாக்டர் தலையை ஆட்டினார்.

அப்போது அத்தை பேசினாள். "ரோஜ். ரோஜ் மாட்டிதே போஷேச்சி" என்றாள். தினமும் உட்கார்ந்தேன். உச்சரிப்பு தப்பாக இருந்தது, ஆனால் வங்காளம். அவளுக்கு வங்காளம் தெரியும் என்பது அந்த நிமிடம் வரை எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. இருபது நாள் அந்த இரண்டு பெண்களுக்கு நடுவில் கிடந்தவள் வேறு என்ன செய்திருப்பாள் என்று நாங்கள் யாரும் யோசித்ததே இல்லை. அப்படியென்றால் பயிற்சிக்காரர் சொன்னதும், நான் சொன்னதும், இரண்டும் அவளுக்கு அன்றைக்கே புரிந்திருக்கிறது.

டாக்டர் அம்மாவைப் பார்த்துக் கத்தினார். வீட்டில் ஒரு நாற்காலிகூட இல்லையா, இந்தப் பெண்ணைத் தரையில் உட்கார வைத்தது யார், என்று கத்தினார். அம்மா மிரண்டுபோய் என் தோளைப் பிடித்தாள். "என்னட்டி சொல்லுதாரு? ஏன் இப்பிடிச் சத்தம் போடுதாரு?"

அத்தை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதுதான் சரி.

"மாடி ஏறுனதுக்குத் திட்டுதாரு," என்றேன்.

அத்தை முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவ்வளவுதான். முதல் தடவை சொன்னதற்குப் பட்டம் என்று ஒரு காரணம் இருந்தது. இரண்டாம் தடவை பயம் தவிர ஒன்றுமில்லை. இரண்டில் எது மோசம் என்று இத்தனை வருடத்தில் எனக்குத் தீர்மானமாகவில்லை.

மறுபடியும் வெட்டி, சில்லையே எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு அந்தக் கால் மடங்கவில்லை. கட்டையாக நீட்டியபடி நின்றுவிட்டது. படி ஏற முடியாதவளை மேல்தளத்து வீட்டில் எப்படி வைத்துக்கொள்வது என்று அப்பாவும் அம்மாவும் ஒரு வாரம் குசுகுசுவென்று பேசினார்கள். துர்கா பூஜை கொட்டுச் சத்தம் தெருவில் கேட்டுக்கொண்டிருந்தபோது, ஊருக்குப் போகிற ஒரு ஆபீஸ்காரரோடு அவளை ரயிலேற்றிவிட்டார்கள். பெரியப்பா ஒருவர் வீட்டில் தெருப்பக்கம் ஒரு அறை கொடுத்தார்கள். கீழே இறக்க இரண்டு கூலிக்காரர்கள் வந்தார்கள். பிரம்பு நாற்காலி ஒன்றில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவள் அதில் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். டாக்ஸியில் ஏற்றிவிட்டு நாற்காலியை மேலே கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். நான் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அம்மா சாகும்வரை, "மாடி ஏறி அநியாயமாக் காலக் கெடுத்துக்கிட்டா" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் திருத்தவில்லை. அப்பாவும் போனார். எனக்கு நாற்பது தாண்டியிருந்தது, அதற்கு மேல் தாங்காமல் ஒரு தடவை திருநெல்வேலிக்குப் போனேன்.

அத்தை ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தாள். காலை ஒரு முக்காலியில் நீட்டியிருந்தாள். அறையில் ஒரு செடிகூட இல்லை. நான் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். மாட்டி, சாத், ரெண்டு மாசம், இருட்டறை, சந்தைப் புடலை. அவள் நடுவில் நிறுத்தவில்லை.

"தெரியும்லா," என்றாள் கடைசியில்.

"அப்ப ஏன் அத்தை அன்னைக்கே சொல்லல?"

"என்னன்னு சொல்லச் சொல்லுத? எனக்கு நாற்காலி போடுங்கன்னா? உங்கம்ம என்ன சொல்லுவான்னு ஒனக்குத் தெரியாதா? அவதான் ஒன்ன அப்பிடிச் சொல்லச் சொல்லிருக்கான்னு நெனச்சேன். மாடிக்குப் போனா மத்தியானம் வேல கெடுதுல்லா. சரி, ரெண்டு மாசம்தானன்னு இருந்துட்டேன்."

"ஆஸ்பத்திரியில?"

"அங்க நீ என்ன சொல்லப் போறன்னு பாத்தேன்."

நான் தலை குனிந்துகொண்டேன்.

"காலு போனதுக்கு நீ மட்டுமா காரணம்?" என்றாள். "நானும்தான் சும்மாக் கெடந்தேன். ஆனா செடி என்னட்டி பண்ணிச்சு? பூத்துருக்கு, காய்ச்சிருக்கு, எறும்புக்குச் சாம்பல் போட்டேன்னு தெனமும் வந்து சொன்னியே. நான் அத நம்பித்தான கீழ கெடந்தேன்."

"மன்னிச்சுருங்க அத்தை," என்றேன்.

"மாட்டேன்," என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "உங்கப்பா போயாச்சு. உங்கம்ம போயாச்சு. அந்த ஓடிப்போனவனும் எங்கியோ செத்துட்டானாம். மிச்சம் இருக்கது நீ ஒருத்திதான். ஒன்னையும் மன்னிச்சுட்டா அப்பறம் நான் யார்ட்டட்டி கோவமா இருக்க?"

அதற்குப் பிறகு வருடத்துக்கு ஒரு தடவை போனேன். ஒரு தடவையும் முகம் கொடுத்துப் பேசியதில்லை. கொண்டுபோன பழத்தைத் தொடமாட்டாள். நான் கிளம்பும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஆனால் நான் வருவதாகக் கடிதம் வந்துவிட்டால் முதல் நாளே தலைக்கு ஊற்றி, பெட்டியிலிருந்து நல்ல சேலையை எடுத்து உடுத்தி, "அந்த மூதி வாராளாம்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு காலையிலிருந்து வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பாளாம். பெரியப்பாவின் மருமகள் இதை என்னிடம் சொன்னது அத்தையின் காரியம் முடிந்த பிறகுதான்.

அவள் போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. நான் அப்படிச் செய்தேன் என்று தெரிந்தவர்கள் இப்போது யாரும் உயிரோடு இல்லை. அடுத்த வீட்டார், சம்பந்திகள், பிள்ளைகள் எல்லோரும் என்னை நல்லவள் என்கிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அவள்தான் வேண்டியிருக்கிறது.